போனவர் கதையும் இருந்தவள் கதையும்

இன்று 2025 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வருஷா வருஷம் இந்த நாளில் கடலில் பால் ஊற்றிப் பூப் போட்டுக் கும்பிடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட இப்போது கையில் பால் பாக்கெட்டோடு வந்து நிற்கிறார்கள். என் அம்மா போன பிறகு அத்தைதான் என்னோடு வருவார். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. முட்டி வலியோடு கரைப் பாறையில் உட்கார்ந்து, நான் திரும்பி வரும்வரை என் செருப்பைப் பார்த்துக்கொள்வார். இந்த ஆடியில் அவரும் தவறிவிட்டார். இன்று தனியாகத்தான் நின்றேன்.

வடசென்னையில், எர்ணாவூர் வீட்டுக்குத் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் தையற்காரிக்கு அதுதான் நெரிசலான மாதம். தை முதல் முகூர்த்தத்துக்கு ஏழு ரவிக்கை பாக்கி நிற்கிறது. எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒன்றரை மாதமாக ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது.

நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்தார். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று டிவியில் ஓயாமல் ஓடியதே, அதற்கான படிவம். பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் வேலை செய்கிற, எனக்குத் தெரிந்த பெண்தான். ஒவ்வொருவர் பெயரும் படமும் அச்சாகியே வந்திருந்தது. வீட்டுக்காரருடையது, என்னுடையது, அதற்குக் கீழே அத்தையுடையது. பழைய படம். முகம் சரியாகத் தெரியவில்லை, மூக்குத்தி மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. "இவங்ககிட்ட கையெழுத்து வாங்கணுமே" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாவுக்கு வந்திருந்தவர்தான். நாள் முழுக்க வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியதில் மறந்திருந்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா. இத நான் எடுத்துட்டுப் போய் இறந்துட்டாங்கன்னு குறிச்சுக் குடுக்கணும்" என்றார். ஒரு ராத்திரி மட்டும் வைத்துக்கொண்டு காலையில் தருகிறேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டுப் போனார்.

என் படிவத்தில், இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் எங்கே இருந்தது என்று எழுத வேண்டியிருந்தது. பெரியவள் போனில் தேடி எடுத்தாள். ராயபுரம் தொகுதி, அப்பா வீட்டுக் கதவு எண், என் பெயர், பக்கத்தில் அப்பா பெயர். அப்பா போய் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்ததும் அங்கே அடித்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டு போன பெண்கள் எல்லாருமே பட்டியலில் ஒருமுறையாவது இப்படி இடம் மாறியவர்கள்தான்.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர் நீக்கம் என்று அன்று ராத்திரி எல்லா சேனலிலும் அதே பேச்சு. அதில் பெரும்பகுதி, இடம் மாறிவிட்டார்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். எங்கள் வீட்டில் அத்தையின் பெயர் மட்டும் போயிருந்தது. போனவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அங்கேயே இருக்கிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் ஒரே கேள்விதான், "இன்னுமா அங்க இருக்கீங்க?"

தாம்பரம் பக்கம் போய்விட்ட சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தபோது, இனிமேல் அடிக்கடி வருவோம் என்றார்கள். ஒருமுறை வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கி, "இது எந்த ஃபேக்டரி வாசனை?" என்று கேட்டார். அத்தை உள்ளேயிருந்து, "அது எங்கூட்டு நெத்திலி கொழம்பு, வந்து துன்னு" என்று கூப்பிட்டார். வந்தவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அத்தைக்குத் திருவொற்றியூர் கோயில்தான் தாய் வீடு. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் ஒற்றியூர் வடிவுடையம்மன், சாயந்தரம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்த்தாக வேண்டும். 2021-இல் பெண்களுக்குப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனதும், மகனிடம் காசு கேட்கிற வேலையும் இல்லாமல் போயிற்று. துணைக்கு நான். கழுத்தில் சிலுவை டாலரோடு மூன்று கோயிலிலும் அத்தையின் அர்ச்சனைக் கூடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். நான் கும்பிடமாட்டேன், அத்தையும் கும்பிடச் சொன்னதில்லை. கூடையைப் பிடி என்பார், அவ்வளவுதான்.

ஒற்றியூர்க் கோயிலில் மகிழ மரம்தான் தல விருட்சம். மாசித் திருவிழாவில் அங்கே மகிழடி சேவை நடக்கும். கதை தெரிந்தவர்களும் இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது வேண்டியிருக்கிறது. சுந்தரர் இந்த ஊருக்கு வந்தபோது, சாமிக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலி நாச்சியாரைப் பார்த்து ஆசைப்பட்டார். திருவாரூரில் பரவை நாச்சியார் ஏற்கெனவே இருக்கிறார். அதனால், உன்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தால்தான் கல்யாணம் என்று ஆயிற்று. சந்நிதியில் செய்த சத்தியத்தை மீற முடியாதே என்று பயந்து, நான் சத்தியம் செய்யும் நேரம் நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் சிவனிடமே சொல்லி வைத்தார். சிவன் சங்கிலியின் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. வசந்தம் வந்ததும் சுந்தரருக்குத் திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணும் வந்தன. பரவையின் கோபத்தைத் தணிக்கச் சிவனே தூது நடந்தார்.

ஒருநாள் பிரகாரத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அத்தே, அவரு போய்ட்டாரு, கண்ணு போச்சு, கண்ணு வந்துச்சு. சங்கிலி இன்னா ஆனாங்க?"

கடைசியில் கயிலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்வார்கள்தான். அத்தை அதைச் சொல்லவில்லை. கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னா ஆவாங்க? இங்கதான் இருந்தாங்க. விடிஞ்சா சாமிக்குப் பூ கட்டணும் இல்ல, யாரு கட்டுவா?" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். வாக்குக் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்று ஊர் ஊராகக் கோயில் இருக்கிறது. மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல் பூக்கூடையை எடுத்தவளைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் கல்யாணம் 2004 பிப்ரவரியில். நான் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண், ராயப்பர் கோயில் பங்கு. ராயப்பர் என்றால் பேதுரு, அவர் பெயரால்தான் ராயபுரம் என்ற பெயரே. வீட்டுக்காரர் இந்து. மதம் மட்டும் இல்லை, சாதியும் வேறு, அதை மறைத்துச் சொல்வது பொய். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தோம். அதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதைப் பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டி 30 நாள் ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த 30 நாளில் யாரோ பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் அத்தையும் மகனோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

ஆனால் அத்தை ஒன்று செய்தார். மகனிடம் ஒரு துண்டுச் சீட்டில், "அந்தப் பொண்ணோட அளவு ரவிக்கை" என்று மட்டும் எழுதி வைத்தார். கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் பழைய தினத்தந்தியில் சுற்றி ஒரு பொட்டலம் வந்தது. அரக்கு நிறப் பட்டு ரவிக்கை. எனக்கு அப்போது தையல் தெரியாது. என் அம்மா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

ரவிக்கையின் பக்கத் தையலில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே. சாதாரணமாக ஓர் அங்குலம். உடம்பை ஒட்டி ஒரு வரி தையல், அரை அங்குலம் தள்ளி இன்னொரு வரி. முதல் வரியைப் பிரித்தால் ரவிக்கை தானாக அகலம் கொடுக்கும். அவசர வேலையில் ஒரே வரியோடு விட்டு மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிடுவார்கள். இந்த ரவிக்கையில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மடித்து உள்ளே இருந்தது. அதில் நான்கு வரி தையல், நான்கும் ஒரே நூல், ஒரே சீர். கைக்குழியிலும் தாராளம். துணியின் ஓரம் பிசிறு பிரியாமல் கையாலேயே சுற்றித் தைத்திருந்தார். அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கோவத்துல தச்சது இல்லடி இது. ரொம்ப நாளு உடுத்தணும்னு தச்சது" என்றாள். பதிவாளர் அலுவலகத்துக்கு அம்மா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதற்கு அந்த ரவிக்கைதான் காரணம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது முதல் வரியைப் பிரித்தேன், சின்னவள் பிறந்த பிறகு இரண்டாவதை. இரண்டு முறையும் அத்தைதான் பிளேடால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்துக் கொடுத்தார். இப்போது என்னிடம் வரும் பெண்கள், "ஆண்ட்டி, உள்ள துணி வேணாம், ஃபிட்டிங் கெட்டுப்போகுது" என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு, விட்டுத்தான் தைக்கிறேன்.

பொட்டலம் வந்ததே தவிர, பேச்சு வரவில்லை. பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போடுவார், துணி மடித்து வைப்பார், மகனைப் பார்த்துத்தான் பேசுவார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மா சொல்லியனுப்பினாள். வீட்டுக்காரருக்கு வேலை, நான் மட்டும் காசிமேட்டுக்குப் போனேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா துறைமுகத்தில் படகைப் பார்க்கப் போயிருந்தார். ஒன்பது மணி வாக்கில் தெருவில் ஒரே ஓட்டம். கடல் உள்ளே வருது, கடல் உள்ளே வருது என்ற சத்தம். எங்கள் தெருவுக்கு முழங்கால் அளவு வந்து நின்றது. துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, ஃபைபர் படகு ரோட்டில் கிடந்தது. அப்பா மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். காலில் பெரிய வெட்டு. படகு இல்லை.

இரண்டு மணி இருக்கும். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. போன் எதுவும் கிடைக்கவில்லை, பஸ் இல்லை. எர்ணாவூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர், எதிரே ஓடிவரும் கூட்டத்துக்கு நடுவில் நடந்தே வந்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து வாய் திறந்து, "சோறு துன்னியா?" என்றார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். பிறகு அப்பாவிடம் திரும்பி, "எங்கூடு ரயிலுக்கு மேற்க கீது, தண்ணி வரல. எல்லாரும் வாங்க. இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க?" என்றார். அப்பாவும் அம்மாவும் பதினோரு நாள் அத்தை வீட்டில் இருந்தார்கள். அப்பாவின் காலுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்டியது அத்தை. நான் கட்டிக்கொண்டு வந்த பையனை அப்பா "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தப் பதினோரு நாளில்தான்.

19 வருஷம் கழித்து அதே டிசம்பர் 26, அதே கடல்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகு கறுப்பு, வலை கறுப்பு, அலையாத்தி மரத்தின் கால் கறுப்பு, கூழைக்கடாவின் இறகு கறுப்பு. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு கையாலேயே அள்ளினார்கள். அந்தப் பிசுக்கு கையிலிருந்து போவதற்குள் 26-ஆம் தேதி ராத்திரி வந்தது. ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாய், பெரியகுப்பம் கரையோரம் கசிந்தது. பன்னிரண்டு மணி நெருங்கும் நேரம். முதலில் கண் எரிந்தது, அப்புறம்தான் நெடி. அமோனியா ஈரத்தைத் தேடிப் பிடிக்கிற வாயு. கண், தொண்டை, நெஞ்சு, எங்கே ஈரமோ அங்கே எரிக்கும். முகத்தில் ஈரத்துணி கட்டினால் கொஞ்சம் தாங்கலாம் என்பதும் அதனால்தான்.

சின்னவளுக்கு வீசிங் உண்டு. வீட்டுக்காரர் இரண்டு பெண்களையும் பைக்கில் ஏற்றினார். நாலு பேருக்கு இடமில்லை, அத்தையால் பைக்கில் ஏறவும் முடியாது. "நீ கிளம்பு, தண்டையார்பேட்டைல அக்கா வீட்டுல வுட்டுட்டு ஆட்டோ இட்டுக்கினு வா" என்று அத்தை மகனை விரட்டினார். என்னையும் கூடவே ஓடச் சொன்னார், ரோட்டில் யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று. நான் போகவில்லை. பெரிய தைரியம் ஒன்றும் இல்லை, கால் நகரவில்லை. 2004-இல் இவர் நடந்து வந்த கால்தான் கண்ணில் நின்றது.

ஜன்னலைச் சாத்தி, மிஷின் மேல் ஒரு கல்யாண ஆர்டருக்கு வெட்டி வைத்திருந்த லைனிங் துணியை வாளித் தண்ணீரில் முக்கிக் கதவிடுக்கில் திணித்தேன். மிச்சத்தை இரண்டு பேரும் மூக்கில் கட்டிக்கொண்டோம். நாற்பது நிமிஷம். நான் ஜெபமாலை சொன்னேன். அத்தை கோயில் இருந்த திசையைப் பார்த்து, "அடியே வடிவு, உன் காலடியிலதான கீறோம், உனக்குக் கண்ணு தெரிலயா?" என்று சண்டை போட்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் தாங்காமல் சுவரில் சாய்ந்தார். "நீ சொல்றத சத்தமா சொல்லு. எனக்குப் பேச வரல. நீ சொன்னா அவளுக்கும் கேக்கும்" என்றார். சத்தமாகச் சொன்னேன். ஆட்டோ வந்தபோது ஜெபமாலையின் நான்காவது பத்து மணிகளில் இருந்தோம்.

அன்றைக்கு ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மறுநாள் எங்கள் தெரு டிவியில் வந்தது. அதற்கப்புறம் குப்பத்துப் பெண்கள் பந்தல் போட்டு, தொழிற்சாலையைத் திறக்கக் கூடாது என்று பல வாரம் உட்கார்ந்தார்கள். அத்தை இரண்டு தடவை ஆட்டோவில் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்பதால் எதை வேண்டுமானாலும் எங்கள் மேல் கொட்டலாம் என்று அர்த்தமில்லை. அனல் சாம்பல், எண்ணெய், வாயு என்று சென்னைக்கு வேண்டிய எல்லாவற்றின் கழிவும் எங்கள் ஆற்றில்தான் வந்து சேர்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உயரட்டும்.

வீட்டுக்குள் அந்த ராத்திரி வேறு மாதிரி முடிந்தது. 2024 பிப்ரவரியில் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்தார். பேங்க் லோன்வரை பேசியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் அவ்வளவு பெரிய சண்டை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "அந்த ராத்திரி பைக்ல புள்ள எப்படி மூச்சு வுட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் என் வேலை, என் வாடிக்கையாளர்கள், அத்தை, பள்ளிக்கூடம் என்று அடுக்கினேன். "உனக்குப் புள்ளய விட ரவிக்கை பெருசா?" என்று கேட்டுவிட்டார். மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. அத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார். இருவரில் யாரையும் நியாயம் என்று சொல்லவில்லை. "நீங்க போங்க. நான் இருக்கேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அட்வான்ஸ் கட்ட வேண்டிய நாளன்று அவர் வழக்கம்போல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மணலிக்கு, கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போனார். ஏன் கட்டவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்னும் போனில் வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் எட்டிப் பார்த்து, "தண்ணி எப்படியாம்?" என்று கேட்கிறேன். சின்னவளின் மூச்சுக்காக ஒருநாள் போக வேண்டி வந்தால் போவோம். இருக்க வேண்டும் என்று நான் விரதம் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இருக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வேறு வழியில்லாமல் கிடக்கிறோம் என்று தோன்றும்போல.

அத்தை கடைசிவரை டிவி செய்தி பார்த்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கியபோது, "நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோக்காரர் மவ" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்ததும், எனக்கு முன்னால் பார்த்துவிட்டு, மிஷினை நிறுத்தச் சொல்லி, என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்ட மாதிரி துக்கம் விசாரித்தார்.

ஆடி மாதம் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே போனார். முந்தின ராத்திரி எனக்கு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்திருந்தார். ஊசியை நூலோடு குத்தியபடியே விட்டிருந்தார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வீட்டுக்காரர் என்னிடம்கூடச் சொல்லாமல் ராயப்பர் கோயிலுக்குப் போய், அம்மாவுக்காக ஒரு பூசை வைக்க முடியுமா என்று சாமியாரைக் கேட்டிருக்கிறார். "கிறிஸ்தவங்க இல்ல, ஆனா அன்னிக்கு ராத்திரி ஜெபமாலை கேட்டாங்க" என்று சொன்னாராம். சாமியார் நாள் குறித்துக் கொடுத்தார். பூசையில் நான் பேதுருவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கின் பாதுகாவலர், எங்களைப் போல வலை போட்டவர். அவரும் அந்த ராத்திரி, எனக்கு அந்த ஆளைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனவர்தான். சிலுவைக்கடியில் கடைசிவரை நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று வேதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நின்றுகொண்டிருந்தார்கள் என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் வீட்டுக்காரர் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

நவம்பரில் வந்த அத்தையின் வாக்காளர் படிவத்தை, சொன்னபடி மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் பெரியவள் அதிலிருந்த படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் போன வருஷமே 18 முடிந்தது, பெயர் சேர்க்காமல் விட்டுப்போயிருந்தது. நேற்று ராத்திரி கிறிஸ்துமஸ் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, படிவம் 6-ஐ மிஷின் பலகையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். விலாசம் வந்ததும் நிறுத்தினாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு எண். ஒன்று மாநகராட்சிக்காரர்கள் தகடு அடித்துவிட்டுப் போன புது எண். இன்னொன்று அத்தை வாசற்படிச் சட்டத்தில் பச்சை பெயின்டால் தன் கையால் எழுதிய பழைய எண்.

"அம்மா, கதவு நம்பர் பழசா, புதுசா?"

"ரெண்டையும் போடு" என்றேன். அத்தை பெயர் இருந்த வரியிலும் அப்படித்தான் இருந்தது.